ஒளிர்வது டேக்; புரதம் எங்கே?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் லென்டிவைரஸ் துகள்களைப் பற்றி எழுதியிருந்தேன். ஒரு மனித மரபணுவை எடுத்து, அடையாளத்துக்கு ஒரு டேக்கையும் கோத்து, வைரஸ் ஓட்டுக்குள் வைத்து, ஆய்வகத்தில் வளரும் செல்களுக்குள் அனுப்புகிற முறை அது. இந்தத் துகள்களைத் தயாரித்துக் கொடுக்கும் அறையில் பல வருடம் குப்பை கொட்டியவள் நான் என்று தெரிந்ததும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். தன் ஆய்வேட்டையே அனுப்பி 'திருத்தித் தரவும்' என்று கேட்டவர் மன்னிக்கவும். அது உங்கள் வழிகாட்டியின் வேலை.

லென்டிவைரஸ் என்பது எய்ட்ஸை உண்டாக்கும் எச்ஐவியின் குடும்பம்தானே? வேறு வைரஸே கிடைக்கவில்லையா? – ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்

குடும்பம் மட்டுமில்லை ஐயா, எச்ஐவி-1-ஐயே பிரித்துப் போட்டுச் செய்ததுதான் இது. அதில் மறைக்க எதுவும் இல்லை. எப்படிப் பிரித்தார்கள் என்பதுதான் விஷயம்.

எச்ஐவிக்கு 9 மரபணுக்கள். இன்று பரவலாகப் புழங்கும் மூன்றாம் தலைமுறை அமைப்பில் மிஞ்சியிருப்பவை காக், போல், ரெவ் என்ற 3 மட்டுமே. காக் உள்கூட்டைக் கட்டுகிறது. போல் தேவையான நொதிகளைத் தருகிறது. ரெவ், ஆர்என்ஏவை நியூக்ளியஸிலிருந்து வெளியே கொண்டுவர உதவுகிறது. மற்ற 6 மரபணுக்களுக்கும் இங்கே இடமில்லை. இருக்கிற மூன்றையும்கூட ஒரே இடத்தில் வைப்பதில்லை. காக்கும் போலும் ஒரு பிளாஸ்மிட்டில் (மரபணுவைச் சுமக்கும் வட்டமான டிஎன்ஏ துண்டு), ரெவ் இன்னொன்றில், வெளியுறைக்கான மரபணு மூன்றாவதில். நமக்கு வேண்டிய மனித மரபணு நான்காவதில்.

இந்த நான்கையும் 293டி என்ற செல்களுக்குள் ஒன்றாகப் போடுகிறோம். (நெதர்லாந்தின் லைடன் நகரில் 1973-இல் உருவான 293 என்ற சிறுநீரகச் செல் வரிசையின் வழி வந்தது அது. ஃபிராங்க் கிரஹாம் செய்த 293-வது சோதனை என்பதால் அந்த எண் ஒட்டிக்கொண்டது.) செல் எல்லா உறுப்புகளையும் தயாரிக்கிறது. ஆனால் துகளுக்குள் ஏறுவதற்கான 'சை' என்ற சமிக்ஞை நான்காவது பிளாஸ்மிட்டின் ஆர்என்ஏவில் மட்டுமே உண்டு. ஆகவே வெளியே வரும் துகளுக்குள் இருப்பது உங்கள் மனித மரபணுதான். ஓட்டைக் கட்டும் மரபணுக்கள் 293டி-யிலேயே தங்கிவிடுகின்றன. துகள் புதுச் செல்லுக்குள் போய்ச் சரக்கை இறக்கிவிடும். இன்னொரு துகளை உண்டாக்க அதனிடம் சரக்கில்லை.

இதற்கு மேலும் ஒரு பூட்டு போட்டிருக்கிறார்கள். எச்ஐவியின் இரு முனைகளிலும் எல்டிஆர் என்ற பகுதி உண்டு. வைரஸின் மரபணுக்களை முடுக்கிவிடும் விசை அங்கேதான் இருக்கிறது. நம் பிளாஸ்மிட்டில் வால்பக்க எல்டிஆரிலிருந்து அந்த விசையை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். தலைப்பக்கத்தில் ஒரு விசை விட்டு வைத்திருப்பார்கள், 293டி-யில் ஆர்என்ஏ தயாராக வேண்டுமே. ஆனால் துகள் புதுச் செல்லுக்குள் போய் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும்போது, தலைப்பக்கத்தின் அந்தப் பகுதி வால்பக்கத்தைப் பார்த்துத்தான் எழுதப்படுகிறது. வால்பக்கத்தில் இல்லாதது தலைப்பக்கத்திலும் இல்லாமல் போகிறது. குரோமோசோமில் போய் உட்கார்ந்த பிறகு இரண்டு முனைகளும் ஊமை. வைரஸின் சொந்த நடைமுறையையே அதற்கு எதிராகத் திருப்பிய வேலை இது. 1998-இல் வந்தது. எனக்கு இன்றைக்கும் இதைப் பார்த்தால் ஒரு சின்னப் பொறாமை வரும்.

பயப்பட வேண்டிய இடமும் உண்டு. எச்ஐவியின் சொந்த உறை சிடி4 என்ற புரதம் உள்ள நோயெதிர்ப்புச் செல்களைத்தான் பிடிக்கும். நாம் அதைக் கழற்றிவிட்டு, கால்நடைகளைத் தாக்கும் வெசிகுலர் ஸ்டோமடைடிஸ் வைரஸின் ஜி புரதத்தை மாட்டியிருக்கிறோம். அது பிடிப்பது கொலஸ்டிராலைச் செல்லுக்குள் இழுக்கும் எல்டிஎல் ஏற்பியை. அநேகமாக எல்லாச் செல்களிலும் அது உண்டு. ஆக, பெருகத் தெரியாத வைரஸ், ஆனால் எங்கும் நுழையத் தெரிந்த வைரஸ். 'பெருகாது' என்ற பாதியை மட்டும் கேட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றுபவர்களை நான் அறைக்குள் விட்டதில்லை.

பிளாஸ்மிட்டையே நேராகச் செல்லுக்குள் போட்டால் மரபணு வேலை செய்கிறதே, வைரஸ் எதற்கு? – இளங்கலை மாணவர்

293, ஹீலா மாதிரி எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் செல்கள், இரண்டு மூன்று நாளில் முடிகிற சோதனை என்றால் பிளாஸ்மிட்டே போதும். இப்படிச் சொல்லிப் பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பிளாஸ்மிட் பொதுவாகக் குரோமோசோமில் சேராது. செல் பிரியப் பிரிய நீர்த்துப்போகும். நியூரான், உடலிலிருந்து நேராக எடுத்த ரத்தச் செல்கள் போன்றவை பிளாஸ்மிட்டைச் சரியாக உள்ளே விடுவதும் இல்லை. லென்டிவைரஸ் தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி – 1970-இல் டெமினும் பால்டிமோரும் தனித்தனியாகக் கண்டுபிடித்த ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியின் வேலை அது – குரோமோசோமிலேயே கோத்துவிடுகிறது. அதன்பின் பிறக்கும் ஒவ்வொரு செல்லுக்கும் அது சொத்தாகப் போகும்.

பழைய எலி ரெட்ரோவைரஸ்களும் இதைச் செய்தன. ஆனால் செல் பிரியும்போது நியூக்ளியஸின் சவ்வு கலைந்தால்தான் அவை உள்ளே போக முடியும். லென்டிவைரஸ் அந்தச் சவ்வின் துளை வழியாகவே நுழையும். 1996-இல் சால்க் நிறுவனத்தில் நால்டினி, வெர்மா, டிரோனோ குழுவினர் வளர்ந்த எலியின் மூளையில், பிரியாத நியூரான்களுக்குள் மரபணுவைச் சேர்த்துக் காட்டினார்கள். இந்தத் துறையே அங்கிருந்துதான் கிளம்பியது.

டேக்கைப் புரதத்தின் தலையில் வைக்கலாமா, வாலில் வைக்கலாமா? என் வழிகாட்டி 'எதுவானால் என்ன' என்கிறார். – முனைவர் பட்ட ஆய்வாளர்

எதுவானால் என்ன என்று இருந்துவிட்டால், ஆறு மாதம் கழித்து அவரே 'ஏன் வேலை செய்யவில்லை' என்று கேட்பார்.

முதலில் புரதத்தின் இரு முனைகளையும் உட்கார்ந்து படியுங்கள். கேராஸை எடுத்துக்கொள்வோம். புற்றுநோய் ஆய்வில் தினமும் அடிபடும் பெயர். அது செல் சவ்வின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டால்தான் வேலை செய்யும். ஒட்டுவது எப்படி? கடைசியிலிருந்து நான்காவதாக ஒரு சிஸ்டீன் இருக்கிறது. அதில் ஃபார்னசைல் என்ற கொழுப்புச் சங்கிலியை ஒரு நொதி மாட்டும். பிறகு கடைசி மூன்று அமினோ அமிலங்கள் வெட்டப்படும். அந்த சிஸ்டீன் வால் நுனியில் சரியாக அந்த இடத்தில் இருந்தால்தான் நொதி அதை அடையாளம் காணும். நீங்கள் அங்கே பச்சை ஒளிர் புரதத்தைத் தொங்கவிட்டால் சிஸ்டீன் புரதத்தின் நடுவில் போய் மாட்டிக்கொள்ளும். கேராஸ் சவ்வுக்குப் போகாமல் செல் முழுவதும் மிதக்கும். மைக்ராஸ்கோப்பில் அழகான பச்சை தெரியும். அத்தனையும் தவறான இடத்தில்! கேராஸுக்கு டேக் தலையில்தான்.

இன்சுலினுக்கு நேர் எதிர். அதன் முதல் வடிவத்தில் 110 அமினோ அமிலங்கள். முதல் 24-தான் 'இதை வெளியே அனுப்பு' என்று சொல்லும் சமிக்ஞை. அதற்கு முன்னால் டேக்கை வைப்பது தபால் உறையில் முகவரியின் மேலேயே ஸ்டாம்பை ஒட்டுவது மாதிரி. அப்படியும் சமிக்ஞை வேலை செய்துவிட்டது என்றே வையுங்கள். வேலை முடிந்ததும் அந்த 24 வெட்டி எறியப்படும், கூடவே உங்கள் டேக்கும் போய்விடும். சுரக்கும் புரதங்கள், சவ்வைத் துளைத்து நிற்கும் ஏற்பிகள் பலவற்றுக்கும் இதே கதைதான். எண்டோபிளாஸ்மிக் வலைக்குள்ளேயே தங்கும் புரதங்கள் சிலவற்றில் வால் நுனியில் கே-டி-இ-எல் என்ற நான்கெழுத்து இருக்கும். அங்கே வாலைத் தொடாதீர்கள்.

வாலில் டேக் வைப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். 'இங்கே நிறுத்து' என்று சொல்லும், மரபணுவின் சொந்த ஸ்டாப் கோடானை எடுத்தீர்களா? எடுக்காவிட்டால் புரதத்தைக் கட்டும் ரைபோசோம் அங்கேயே இறங்கிவிடும், டேக் உருவாகவே ஆகாது. எடுத்த பிறகு, மரபணுவும் டேக்கும் ஒரே சட்டகத்தில், மூன்று மூன்றாகச் சேர்ந்து படிக்கும்படி இருக்கின்றனவா? இணைப்பு இடத்தை வரிசையாகப் படித்துப் பார்க்காமல் வைரஸ் செய்யக் கேட்டு வருபவர்களை நான் உட்காரவைத்துப் பார்க்கச் சொல்வேன். அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

எந்த டேக் என்பதும் கேள்விதான். ஃப்ளாக் என்றும் டிடிகே என்றும் அழைக்கப்படுவது 8 அமினோ அமிலம். எச்ஏ 9. மிக் 10. இவை சின்னவை, தொந்தரவு குறைவு. ஆனால் தானாக ஒளிராது, ஆன்டிபாடி போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஜெல்லிமீனிலிருந்து வந்த பச்சை ஒளிர் புரதமான ஜிஎஃப்பி 238 அமினோ அமிலம், எடை 27 கிலோடால்டன். உயிரோடு இருக்கும் செல்லிலேயே தெரியும், ஆனால் சில புரதங்களுக்கு அது தன்னைவிடப் பெரிய மூட்டை. தவிர, சாதாரண ஜிஎஃப்பி நெருக்கமாக இருக்கும்போது இரண்டிரண்டாகச் சேரப் பார்க்கும். சவ்வுப் புரதங்களில் இது பொய்யான கும்பல்களை உண்டாக்கும். 206-வது இடத்தில் அலனினை லைசினாக மாற்றிய தனித்து நிற்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தை ஜிஎஃப்பியோடு சேர்த்து லென்டிவைரஸில் போட்டேன். செல்கள் பச்சையாக ஒளிர்கின்றன. ஆனால் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் பார்க்கும் சோதனை) 27 கிலோடால்டனில்தான் பட்டை வருகிறது. – ஆய்வு மாணவி

நன்றி, இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

மைக்ராஸ்கோப் உங்களிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: ஜிஎஃப்பி இருக்கிறது. பி53 இருக்கிறது என்று அது சொல்லவில்லை. இரண்டும் ஒட்டிக்கொண்டு இருந்தால் பட்டை சுமார் 80 கிலோடால்டனில் வர வேண்டும். பி53-இல் 393 அமினோ அமிலங்கள். கணக்குப்படி எடை 44-ஐ ஒட்டித்தான். ஆனால் புரோலின் அதிகமுள்ள பகுதியால் ஜெல்லில் மெதுவாக ஓடி 53-இல் நிற்கிறது. பெயரே அப்படித்தான் வந்தது. 53-உம் 27-உம் 80. உங்களுக்கு 27 மட்டும் வருகிறது என்றால் ஜிஎஃப்பி தனியாகத் திரிகிறது.

முதலில் பிளாஸ்மிட் வரைபடத்தை எடுங்கள். மரபணுவுக்கும் ஜிஎஃப்பிக்கும் நடுவில் பி2ஏ அல்லது டி2ஏ என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? இருந்தால் கோளாறே இல்லை. அந்தத் துண்டு வரும்போது ரைபோசோம் ஒரு இணைப்பை மட்டும் போடாமல் தாண்டிவிடும். ஒரே ஆர்என்ஏவிலிருந்து இரண்டு தனித்தனிப் புரதங்கள் வரும். பி53 தன் வாலில் சுமார் 20 அமினோ அமிலங்களைச் சுமந்துகொண்டு ஒரு பக்கம் போகும், ஜிஎஃப்பி வேறு பக்கம் போகும். அங்கே ஜிஎஃப்பி டேக் இல்லை. 'இந்தச் செல்லுக்குள் வைரஸ் போயிருக்கிறது' என்று காட்டும் விளக்கு மட்டுமே. அதைப் பார்த்துவிட்டுப் 'பி53 செல் முழுவதும் பரவியிருக்கிறது' என்று எழுதிய ஆய்வேடுகளை நான் பார்த்ததுண்டு.

2ஏ இல்லை என்றால் சிக்கல் வேறு. இணைந்த புரதம் உடைந்துகொண்டிருக்கலாம். ஜிஎஃப்பி ஒரு கெட்டியான பீப்பாய் வடிவம்; செல்லின் புரதம் வெட்டும் நொதிகள் மற்றதைத் தின்றுவிட்டு அதை மீதி வைத்துவிடும். இல்லையென்றால் ரைபோசோம் ஜிஎஃப்பியின் சொந்தத் தொடக்க மெத்தியோனினில் ஏறிக்கொண்டிருக்கலாம். இணைப்பில் அந்த மெத்தியோனினை நீக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஆன்டிபாடி ஒன்று போதாது. ஜிஎஃப்பிக்கு ஒன்று, பி53-க்கு ஒன்று, இரண்டும் ஒரே 80-இல் பட்டை காட்ட வேண்டும்.

பி53-க்கே உரிய வில்லங்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நல்ல பி53-ஐ ஒரு செல்லில் ஓயாமல் உற்பத்தி செய்தால் அது பிரிவதை நிறுத்திவிடும், அல்லது செத்துப்போகும். அதுதானே பி53-இன் தொழில்! ஆக, வைரஸ் போகாத செல்களைக் கொல்லும் மருந்தை இரண்டு வாரம் கொடுத்துத் தேர்ந்தெடுத்த பிறகு உங்கள் தட்டில் உயிரோடு இருப்பவை யார்? பி53-ஐக் குறைவாகச் செய்பவை, உடைந்ததைச் செய்பவை, ஜிஎஃப்பியை மட்டும் செய்பவை. ஒழுங்காகச் செய்த செல்கள் போன வாரமே மிதந்து மீடியத்தோடு கொட்டப்பட்டுவிட்டன. இப்படிப்பட்ட மரபணுக்களுக்கு டாக்சிசைக்ளின் என்ற மருந்தைக் கொடுத்தால்தான் திறக்கும் புரோமோட்டர் (மரபணுவை முடுக்கும் விசை) வேண்டும். செல்களை வளர்த்து, தேர்ந்தெடுத்து, உறையவைத்து, எல்லாம் முடித்துவிட்டு, சோதனை அன்று திறங்கள்.

வைரஸ் குப்பியில் டைட்டர் (துகள்களின் செறிவு) '1 மில்லிக்கு 1 கோடி' என்று எழுதியிருக்கிறது. எவ்வளவு போட வேண்டும்? – ஆய்வகத் தொழில்நுட்பர்

1 கோடி எது என்று முதலில் கேளுங்கள். துகளின் உள்கூட்டிலுள்ள பி24 புரதத்தை எலைசா என்ற ஆன்டிபாடி சோதனையில் அளந்து எண்ணியிருந்தால் அது மொத்தத் துகள்கள். உள்ளே போய் வேலை செய்யக்கூடியவை அதில் நூற்றிலோ ஆயிரத்திலோ ஒன்றுதான். செல்களில் போட்டுப் பார்த்து எண்ணிய 'டிரான்ஸ்டியூசிங் யூனிட்' என்றால்தான் கணக்குப் போட முடியும்.

அப்படியே வைத்துக்கொள்வோம். தட்டில் 1 லட்சம் செல். செல்லுக்கு ஒரு துகள், அதாவது எம்ஓஐ 1 வேண்டுமென்றால் 10 மைக்ரோலிட்டர். ஆனால் துகள்கள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒன்றாகப் போவதில்லை. எம்ஓஐ 1-இல் சுமார் 37 சதவீதச் செல்களுக்கு ஒன்றுமே கிடைக்காது, சிலவற்றில் இரண்டும் மூன்றும் போய் உட்காரும். செல்லுக்கு ஒரே பிரதி இருக்க வேண்டும் என்றால் எம்ஓஐ 0.3-க்கு இறங்குங்கள். 26 சதவீதச் செல்களில்தான் வைரஸ் போகும். ஆனால் போனவற்றில் 86 சதவீதம் ஒற்றைப் பிரதி. வைரஸ் போகாத மிச்சத்தைப் பியூரோமைசின் என்ற மருந்து கொன்றுவிடும்.

அந்த டைட்டரை எண்ணியது பெரும்பாலும் 293டி மாதிரி எளிதில் இடம் கொடுக்கும் செல்லில் என்பதையும் மறக்காதீர்கள். உங்கள் செல் அவ்வளவு தாராளமாக இருக்க வேண்டியதில்லை. 1, 3, 10 என்று மூன்று எம்ஓஐ போட்டுப் பாருங்கள். பாலிபிரீன் சேர்த்தால் துகளுக்கும் செல்லுக்கும் நடுவிலுள்ள மின்னேற்ற விலக்கம் குறையும், மில்லிக்கு 8 மைக்ரோகிராம் வரை போடுவது வழக்கம். நியூரான்களுக்கு அது ஆகாது.

துகள்கள் இருந்த குப்பியை இரவு முழுக்க வெளியே வைத்துவிட்டார்கள். மறுபடி −80 டிகிரியில் வைக்கலாமா? – கையொப்பம் இல்லை

வைக்கலாம், பயனில்லை. அறை வெப்பத்தில் டைட்டர் இறங்கிக்கொண்டே போகும், உறையவைத்து உருக்கும் ஒவ்வொரு தடவையும் இன்னும் இறங்கும். எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் மறுபடி டைட்டர் எண்ணுங்கள், இல்லையென்றால் புதிது எடுங்கள். வந்த அன்றைக்கே சின்னச் சின்னப் பங்காகப் பிரித்துவைத்திருந்தால் ஒரு பங்கோடு போயிருக்கும்.

பியூரோமைசின் போட்டதும் எல்லாச் செல்லும் செத்துவிட்டது. வைரஸ் மோசமா? – முதுகலை மாணவர்கள் பலர்

வைரஸைத் திட்டும் முன் மூன்று விஷயம். நீங்கள் வாங்கிய பிளாஸ்மிட்டில் பியூரோமைசினைத் தாங்கும் மரபணு இருக்கிறதா? டேக் மட்டும் உள்ள, மருந்துக்கான மரபணு இல்லாத வகைகளும் உண்டு. அவற்றில் பியூரோமைசினைப் போட்டால் எல்லாம் சாவதுதான் நியாயம்.

இரண்டாவது, எப்போது போட்டீர்கள்? ஆர்என்ஏ டிஎன்ஏவாக மாறி, குரோமோசோமில் சேர்ந்து, புரதம் உருவாக நேரம் வேண்டாமா? 48 மணி நேரமாவது பொறுங்கள். 24 மணி நேரத்திலேயே பச்சை தெரிகிறதே என்பவர்களுக்கு: அது வைரஸ் கரைசலோடு சேர்ந்து வந்த ஜிஎஃப்பியாகவோ, 293டி-யிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த பிளாஸ்மிட்டாகவோ இருக்கலாம். ஒரு வாரம் கழித்தும் இருந்தால் நம்புங்கள்.

மூன்றாவது, எவ்வளவு போட்டீர்கள்? பியூரோமைசின் புரதச் சங்கிலியைப் பாதியிலேயே கழற்றிவிடும் மருந்து, தயவு தாட்சண்யம் பார்க்காது. மில்லிக்கு 1 மைக்ரோகிராமில் சாகும் செல்லும் உண்டு, 10 கேட்கும் செல்லும் உண்டு. வைரஸ் போடாத உங்கள் செல்லில் முன்னதாகவே அளவு ஏற்றி ஏற்றிப் பார்த்து, மூன்று நாளுக்குள் எல்லாவற்றையும் கொல்லும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடியுங்கள். பக்கத்துப் பெஞ்சுக்காரர் சொன்ன அளவு அவர் செல்லுக்கு.

எந்த மனித மரபணுவையும் இப்படி அனுப்ப முடியுமா? – பள்ளி அறிவியல் ஆசிரியை

முடியாது. எச்ஐவியின் மொத்த நீளமே சுமார் 9,700 எழுத்து. அதற்கு மேல் ஏற்ற ஏற்றத் துகள்களின் எண்ணிக்கை சரியும். மரபணு, டேக், புரோமோட்டர், மருந்து மரபணு எல்லாம் அந்த இடத்துக்குள்தான். இன்ட்ரான்களை நீக்கி, புரதத்துக்கான பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதால் பெரும்பாலான மரபணுக்கள் அடங்கிவிடும். பி53 1,182 எழுத்து, கால்மேல் கால் போட்டு உட்காரும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் பழுதாகும் சிஎஃப்டிஆர் 4,443. இடுக்கிப் பிடித்து உட்காரவைக்கலாம். தசைச் சிதைவு நோயோடு தொடர்புள்ள டிஸ்ட்ரோஃபின் 11,000-க்கு மேல், முழுசாக வைத்தால் தேறாது. டைட்டின் 1 லட்சத்துக்கும் மேல். அதைக் கேட்கவே வேண்டாம்.

என் மகள் இந்த வேலையில் சேர்ந்திருக்கிறாள். தூக்கமே வரவில்லை. – ஒரு தாய்

அம்மா, உங்கள் மகளிடம் சில கேள்விகள் கேளுங்கள், பதில் சரியாக வந்தால் தூங்கலாம்.

வைரஸைத் திறப்பது காற்று வடிகட்டும் பாதுகாப்புப் பெட்டிக்குள் மட்டும்தானா? ஊசியும் உடைந்த கண்ணாடியும் அந்த மேசையில் இல்லாமல் பார்த்துக்கொள்கிறார்களா? இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை. 70 சதவீத ஆல்கஹாலுக்கும் புதிதாகக் கலந்த ப்ளீச்சுக்கும் தாங்காது. அதைவிடக் கையில் குத்துவதுதான் கவலை. ஏனென்றால் கை செல்லிலும் அது போய் உட்காரும்.

எந்த மரபணு என்றும் கேளுங்கள். ஓட்டைவிட உள்ளே இருக்கும் சரக்குதான் ஆபத்தை முடிவு செய்கிறது. வெறும் ஜிஎஃப்பி ஒன்று, புற்றுநோயைத் தூண்டும் கேராஸின் மாறிய வடிவம் வேறொன்று. இரண்டாவதற்கு இரட்டைக் கையுறை, தனி நேரம், தனிக் கவனம். எந்த மரபணுவானாலும் குரோமோசோமில் எங்கே போய்ச் சேரும் என்பது நம் கையில் இல்லை. பாரிஸில் நோயெதிர்ப்புக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு எலி ரெட்ரோவைரஸ் வழியாக மரபணு சிகிச்சை செய்தபோது, அது எல்எம்ஓ2 என்ற மரபணுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து சிலருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது 2002-இல் தெரியவந்தது. லென்டிவைரஸில் அந்த முனை விசைகளை எடுத்துவிட்டதால் இந்த ஆபத்து குறைவு. இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

குத்திவிட்டால் என்ன செய்வார்கள் என்பதுதான் கடைசிக் கேள்வி. உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும், உடனே மேலாளரிடம், உடனே மருத்துவரிடம். எச்ஐவி மருந்துகளில் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸைத் தடுப்பவையும் இன்டக்ரேஸைத் தடுப்பவையும் இங்கேயும் பலன் தரும், துகள் அந்த இரண்டு நொதிகளை நம்பித்தான் குரோமோசோமில் சேர்கிறது. புரோட்டியேஸைத் தடுக்கும் மருந்து வீண். அந்த நொதியின் வேலை 293டி-யிலேயே முடிந்துவிட்டது. எல்லாம் சில மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். கையில் குத்தியதை மேலாளரிடம் சொல்லப் பயப்படும் சூழலாக இருந்தால், வைரஸைவிட அந்த இடம்தான் ஆபத்து.

வெற்று வைரஸ் ஒன்றையும் கூடவே போட வேண்டுமா? செலவாகிறதே. – ஆய்வு உதவியாளர்

வேண்டும். டேக் மட்டும் உள்ள வைரஸ், அதே எம்ஓஐயில். இல்லாவிட்டால் செல்லில் தெரியும் மாற்றம் மரபணுவாலா, வைரஸ் நுழைந்ததாலா, பியூரோமைசினாலா என்று எப்படிச் சொல்வீர்கள்?

நாலு மாதம் முன்பு எல்லாச் செல்லும் ஒளிர்ந்தன. இப்போது பாதிதான். மரபணு காணாமல் போய்விட்டதா? – ஸ்டெம் செல் ஆய்வாளர்

மரபணு பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும், வாயை மூடிக்கொண்டு. உங்கள் பிளாஸ்மிட்டில் புரோமோட்டர் சிஎம்வி தானே? வைரஸிலிருந்து வந்த அந்தப் புரோமோட்டரைச் செல் மெத்தில் குறி போட்டு அடக்கிவிடும். ஸ்டெம் செல்களில் இது சீக்கிரமே நடக்கும். மனித மரபணுவிலிருந்தே எடுத்த இஎஃப்1-ஆல்ஃபா போட்ட வடிவத்துக்கு மாறுங்கள். இன்னொரு காரணமும் இருக்கலாம்: உங்கள் புரதத்தை நிறையச் செய்யும் செல்கள் மெதுவாகப் பிரியும், குறைவாகச் செய்பவை முந்திக்கொள்ளும். ஒளிரும் செல்களை மறுபடி பிரித்தெடுங்கள். அப்புறம், தேர்ந்தெடுத்த முதல் வாரத்திலேயே சில குப்பிச் செல்களை உறையவைத்திருந்தால் அதை எடுத்து ஆரம்பிப்பது இன்னும் சுலபம்.

அதே வைரஸ் மனிதச் செல்லில் நன்றாக வேலை செய்கிறது. ரீசஸ் குரங்கின் செல்லில் ஒன்றுமே இல்லை. டைட்டரை ஏற்றினால் சரியாகுமா? – ஆராய்ச்சியாளர்

ஓரளவு ஏறும், சரியாகாது. அந்தக் குரங்கின் செல்களில் டிரிம்5-ஆல்ஃபா என்ற புரதம் இருக்கிறது, 2004-இல் கண்டுபிடித்தார்கள். எச்ஐவியின் உள்கூடு நுழைந்ததும் அதைப் பிடித்துக் கலைத்துவிடும், டிஎன்ஏவாக மாறுவதற்குள்ளேயே. வெளியுறை எதுவானாலும் உள்கூடு எச்ஐவியுடையதுதானே, அது காட்டிக்கொடுத்துவிடும். மனிதர்களிடம் உள்ள வடிவம் அவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டுவதில்லை. குரங்குகளின் சொந்த எஸ்ஐவியை அடிப்படையாக வைத்துச் செய்த துகள்களையோ, உள்கூட்டை மாற்றியமைத்தவற்றையோ கேட்டுப் பாருங்கள். உங்கள் மரபணுவும் டேக்கும் அப்படியே இருக்கட்டும். எஸ்ஐவி என்றால் அவற்றை அதற்குரிய பிளாஸ்மிட்டுக்கு மாற்ற வேண்டியிருக்கும், உள்கூட்டை மட்டும் மாற்றியது என்றால் காக்-போல் பிளாஸ்மிட்டை மாற்றினாலே போதும்.